டாக்டர் திருப்பி அனுப்பிய நாற்காலிகள்

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். நலம் விசாரித்தது இத்தோடு போதும், விஷயம் தலைக்கு மேல் போய்விட்டது.

என் மகள், உன் அருமை மருமகள், கம்பெனியை விட்டுப் போகிறேன் என்கிறாள். தாத்தா தொடங்கி, அப்பா வளர்த்து, நான் கெடுக்காமல் வைத்திருக்கிற மரச்சாமான் கம்பெனி. இனி நீ பார்த்துக்கொள் அம்மா என்று நான் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து, வேறு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். எல்லாம் ஒரு நாற்காலியால் வந்த வினை.

அவளே வரைந்து, கூடவே நின்று செய்த முதல் நாற்காலி அது. நான் உட்கார்ந்து பார்த்துப் பிரமாதம் என்றேன். உன் அண்ணிக்கு எழுந்திருக்கவே மனசு வரவில்லை. நம் தம்பி உட்கார்ந்த இடத்திலேயே குறட்டை விட்டான். குடும்பமே ஒரு குரலில் சொன்ன பிறகு என்ன யோசனை என்று, அதே மாதிரி இன்னும் பல செய்து, பக்கத்துத் தெரு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் வரிசையாகப் போட அனுப்பினோம். ஒரே வாரத்தில் டாக்டர் போன் பண்ணுகிறார். உட்காருகிறவர்கள் எல்லாம் இடப்பக்கம் சரிகிறார்களாம், ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, கடைசியில் சுவரோரம் இருப்பவர் நசுங்குகிறாராம், கழுத்து வலிக்கு வந்தவர் இடுப்பு வலியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனாராம். எனக்கு வந்ததே கோபம். தலைமுறை தலைமுறையா நாற்காலி செய்றவங்களுக்கு இவர் பாடம் எடுக்கிறாரா என்று மகளையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு நேரே போய், அந்த வரிசையில் உட்கார்ந்து, "பாருங்க டாக்டர், கொஞ்சமாவது சாயுதா?" என்று கேட்டேன். அவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. எங்களைத்தான் பார்த்தார்.

"கொஞ்சம் நேரா எழுந்து நில்லுங்க."

எழுந்து நின்றோம்.

"நேரா."

"நேராத்தானே நிக்கிறோம்."

"இல்லீங்க. மூணு பேரும் ஒரே பக்கமா சாஞ்சு நிக்கிறீங்க. வீட்ல எதுல உட்காருவீங்க?"

உனக்குத் தெரியாததா? நல்ல சாமான் கடைக்கு, கோணலாகிப் போனது வீட்டுக்கு என்பது தாத்தா காலத்து வழக்கம். நம் வீட்டுப் பெஞ்சு இடப்பக்கம் குட்டை. அதில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம், படித்தோம், சண்டை போட்டோம். பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்தவள் தன் உடம்புக்கு எது நேரோ அப்படித்தானே செய்வாள்? டாக்டர் நாற்காலிகளை எல்லாம் எங்களோடேயே திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது, சிரித்தும் தொலைத்தேன். அதுதான் தப்பாகிப் போச்சு. "நேரா இருக்கிறது எதுன்னே எனக்குத் தெரியலப்பா. நான் எப்படிக் கம்பெனி நடத்துறது?" என்று ரூமுக்குள் போனவள் சாப்பிடக்கூட வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவள் போய்விட்டால் இந்தக் கம்பெனியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? நீ சொன்னால் கேட்பாள். உடனே புறப்பட்டு வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நேராக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீயும் அந்தப் பெஞ்சில் வளர்ந்தவள்தானே, பொய் சொன்ன பாவம்கூட வராது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், எதில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணன்

பின்குறிப்பு: புறப்படாதே. இதைத் தபாலில் போடப் போகிற வழியில் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். பால்காரர், எதிர்க்கடைக்காரர், தெருவோடு போகிறவர்கள் என்று கிடைத்தவர்களை எல்லாம் பிடித்து உட்கார வைத்து, "இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு வலப்பக்கக் கால்களைச் சீவிக்கொண்டிருக்கிறாள் உன் மருமகள். வாசலில் புதிதாக ஒரு போர்டு: "குடும்பத்தார் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொல்லக் கூடாது. இப்படிக்கு முதலாளி." முதலாளி நானாயிற்றே, இதை எப்போது எழுதினேன் என்று ஒரு நிமிஷம் குழம்பிப் போனேன். பிறகுதான் பார்த்தேன், அவள் கையெழுத்து. இந்த நாலு வரி எழுத ஒரு நாற்காலி கொடம்மா என்று கேட்டேன், முடியாது என்றுவிட்டாள். நின்றுகொண்டேதான் எழுதுகிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.