போக்கர் படித்த அண்ணாச்சி

டெல்லியில் சீட்டாடத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கலாம். சீட்டாட்டத்துக்கு ட்யூஷன் படித்தவர் எங்கள் போக்கர் அண்ணாச்சி ஒருவர்தான்.

மயூர் விஹாரில் நாங்கள் மூன்று பிரம்மச்சாரிகள் குடியிருந்த ஃபிளாட்டில் அவர்தான் மூத்தவர். திருநெல்வேலிக்காரர், மத்திய சர்க்கார் உத்தியோகம். பிராட்பேண்ட் வந்த புதிதில், போக்கர் சொல்லிக்கொடுக்கும் வெப்சைட் ஒன்றில் சேர்ந்தார். அடுப்பில் பருப்பு கருகினாலும் கம்ப்யூட்டரை விட்டு எழ மாட்டார்.

"சும்மா கெடல! அமெரிக்காக்காரன் பாடம் நடத்துதாம்லா!"

எதிராளியின் முகத்தைப் படிக்கும் பாடம் முடிந்ததும் அதைக் காய்கறிக்காரரிடம் சோதித்தார். கண்கொட்டாமல் முறைத்ததில் அந்த ஆள் மிரண்டு, "பையா, தபியத் டீக் ஹை?" என்று உடம்பு விசாரித்து, ஓர் எலுமிச்சம்பழத்தைச் சும்மா கொடுத்தார்.

"பாத்தியால, மடங்கிட்டான்!" என்றார் அண்ணாச்சி.

தன் முகத்தை யாரும் படித்துவிடக் கூடாதென்று வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி மாட்டினார். ஒருநாள் ரசமென்று நினைத்து டீயைச் சோற்றில் ஊற்றிவிட்டு, முகம் மாறாமல் சாப்பிட்டும் முடித்தார்.

இவ்வளவு படித்தும் எங்களிடம் ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. நல்ல சீட்டு வந்தால் அவருக்குக் காது சிவந்துவிடும். அதை நாங்கள் அவரிடம் சொன்னதே இல்லை.

அந்தச் சமயம் நான் அலுவலகத் தோழி பூஜாவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினேன். பஞ்சாபிப் பெண் என்று என் வீட்டில் கோபம். பெண் கேட்க யாரும் வரவில்லை. அண்ணாச்சியைக் கூட்டிப்போனேன்.

பூஜாவின் அப்பா ஓய்வுபெற்ற கர்னல். மனைவி இல்லை, ஒரே மகள். அண்ணாச்சி போக்கர் படித்தவர் என்று தெரிந்ததும் சீட்டுக்கட்டை எடுத்துவிட்டார். "பஹலே ஏக் பாஸி!" முதலில் ஆட்டம், அப்புறம்தான் பேச்சு. பந்தயம் பாதாம் பருப்பு.

கடைசி ஆட்டத்தில் கர்னல் தன் பருப்பு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார். அண்ணாச்சியின் காது தக்காளியாகியிருந்தது. எட்டிப் பார்த்தேன். நாலு ஏஸ்! அநேகமாக யாராலும் வெல்ல முடியாத சீட்டு. அவர் வாழ்க்கையின் முதல் வெற்றி கைக்குள் இருந்தது.

அண்ணாச்சி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "ஹம் ஹார் கயா, கர்னல் சாப்!" என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

கர்னல் வீடதிரச் சிரித்தார். ஒரு கை பருப்பை அள்ளி என் கையில் திணித்து, கல்யாணம் எப்போது என்று கேட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் பொறுக்க முடியாமல் கேட்டேன்: "நாலு ஏஸை ஏன் அண்ணாச்சி விட்டீங்க?"

"அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியால? மவளத்தான் குடுக்கப் போறாரு. சீட்டுலயும் தோக்கணுமாக்கும்?"

மறுநாள் அந்த ஆட்டத்தை வெப்சைட்டில் எழுதிப் போட்டார். நாலு ஏஸைக் கவிழ்த்து வைத்தவன் சீட்டையே தொடக் கூடாது என்று ஊர் உலகமெல்லாம் அவரைக் காய்ச்சியெடுத்தது. ஒவ்வொரு திட்டையும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கிய மனிதரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.