மோட்டாருக்கு முந்திய பட்டியல்

உலக நிர்வாக வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை இரண்டாகப் பிரிப்பதே முறை: காரைக்குடி நீரிறைப்பு இயந்திரக் கழகத்துக்குக் கம்ப்யூட்டர் பட்டியல் வருவதற்கு முன்; வந்த பின். அந்தப் பெருமையில் பாதி தலைமை எழுத்தர் முத்துராமலிங்கத்தைச் சேரும். மீதிப் பாதியும் தம்மையே சேரும் என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கழகம் அரசாங்கத்துடையது. ஏழை விவசாயிகளின் கிணறுகளுக்கு மானிய விலையில் மின்மோட்டார் கொடுப்பது அதன் வேலை. மனுச் செய்தவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். யாருக்குப் பின் யார் என்ற வரிசை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அடங்கியிருந்தது. இவ்வளவு மலிவான பொருளை நம்பி ஓர் அரசு நிறுவனம் நடப்பது கேவலம் என்று 1973-ல் மேலிடத்துக்குத் தோன்றியது.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வந்து, மேலாளர் மாயக்கண்ணன் முன்னால் உட்கார்ந்தார்.

"மிஷின் எங்ககிட்டயே இருக்கும் சார். உங்களுக்குத் தேவை புரோகிராம்."

"புரோகிராம்னா? பாட்டா, நாடகமா?"

"மிஷினுக்குச் சொல்ற கட்டளை. அதை விக்கிறதில்லை. வருஷ லைசென்ஸ்."

"காசு குடுத்தும் நமக்குச் சொந்தமில்லையா?"

"சொந்தங்கிறது பழைய சிந்தனை சார்."

பழைய சிந்தனைக்காரர் என்று பெயரெடுக்க மாயக்கண்ணனுக்கு மனமில்லை. ஒப்பந்தம் அறுபது பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். படித்துக் 'கருத்து' எழுதும் பொறுப்பு முத்துராமலிங்கத்துக்கு வந்தது. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவர் ஊன்றிப் படித்தார். நடுவிலிருந்த ஐம்பத்தெட்டையும் நம்பினார். பரிந்துரைத்துக் கையெழுத்திட்டபோது, தம்மால் நாடு முன்னேறுகிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது. நோட்டிலிருந்த வரிசையைக் கம்பெனி எழுதிக்கொண்டு போனதும், நோட்டு பழைய பேப்பர் கடைக்குப் போயிற்று.

ரயில் பார்சலில் பட்டியல் வந்தது. இரு ஓரமும் ஓட்டை போட்ட அகலத் தாள். அலுவலகமே கூடி நின்று பார்த்தது. அதுதான் பிசகு. பார்ப்பவர் ஒவ்வொருவரும் ஓர் 'உபயோகிப்பாளர்', ஆளுக்கொரு கட்டணம் என்றது ஒப்பந்தத்தின் முப்பத்தோராம் பக்கம். பியூன் பெத்தனுக்கும் சேர்த்து ஒன்பது பேருக்கு பில் வந்தது.

"எனக்குப் படிக்கவே தெரியாதுங்களேய்யா!" என்றான் பெத்தன்.

"பாத்தியா, இல்லையா?" என்றார் முத்துராமலிங்கம்.

"பாத்தேங்க."

"அப்ப உபயோகிச்சிட்ட."

அன்றுமுதல் அவர் ஒருவர் மட்டும் பீரோவுக்குள் தலையை விட்டுப் பட்டியலைப் பார்த்துவந்தார்.

அந்த ஆண்டு இருபது மோட்டாருக்குப் பணம் வந்தது. பன்னிரண்டின் விலை லைசென்சுக்குப் போயிற்று. மறு ஆண்டு 'புதுப்பிப்பு' என்று ஒன்று வந்தது. இருபதும் போயிற்று.

வலையபட்டியிலிருந்து கருப்பி வந்தாள். "எம் முறை எப்பய்யா வரும்? கடலை பூவோட கருகுது."

முத்துராமலிங்கம் பீரோவுக்குள் போய்த் திரும்பினார். "நீதான் தாயி முதல் நம்பர்!"

"அப்ப மோட்டாரக் குடுங்க."

"மோட்டார் இல்லை. நம்பர் இருக்கு."

"நம்பரக் கெணத்துல எறக்குனா தண்ணி ஏறுமாங்கய்யா?"

அவருக்குச் சுருக்கென்றது. நேரே மேலாளரிடம் போனார். "லைசென்ஸை நிறுத்திருவோம் சார்."

"நிறுத்துனா பட்டியலைத் திருப்பிக் குடுக்கணும்யா. நாப்பத்தேழாம் பக்கம். அப்புறம் வரிசைக்கு எங்க போவீரு? நோட்டும் இல்லை."

வெளியே வந்தபோது கருப்பி இன்னும் வாசலில் நின்றிருந்தாள். நப்பாசையில் கேட்டார்: "உனக்கு அடுத்தது யாருன்னு தெரியுமா தாயி?"

"அல்லாபிச்சை ராவுத்தரு. அவுகளுக்குப் பின்னால செம்மலை."

"எப்படித் தெரியும்?"

"ஆறு வருசமா ஒருத்தர் முதுக ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கிறோம். தெரியாமப் போகுமா?"

சந்தை நாளில் எல்லாரையும் வரவழைத்தார். பொழுது சாய்வதற்குள், மோட்டார் வாங்கிய எட்டுப் பேர் போக மீதி முந்நூற்று நான்கு பெயரும் அவருடைய சொந்தச் செலவில் வாங்கிய நோட்டில் ஏறின. இனி லைசென்ஸ் தேவையில்லை என்று பெருமிதத்தோடு குறிப்பு எழுதி மேலே அனுப்பினார்.

மேலிடம் அதைக் கம்பெனியின் 'கருத்துக்கு' அனுப்பியது. கம்பெனி பாராட்டியே எழுதியிருந்தது: நோட்டின் வரிசை எங்கள் வரிசையோடு எழுத்துப் பிசகாமல் பொருந்துகிறது, எனவே இது எங்கள் புரோகிராமின் நகல். வாய்விட்டுச் சொன்ன விவசாயிகள் அனைவரும் உபயோகிப்பாளர்கள். பில் இணைக்கப்பட்டுள்ளது.

மூன்றாண்டு மோட்டார்ப் பணம். பென்ஷனுக்கு ஏழு மாதமே இருந்ததால், பணம் கொடுக்கலாம் என்று முத்துராமலிங்கம் அந்தக் கோப்பிலும் கையெழுத்திட்டார்.

கருப்பி மறுபடி வந்தாள். கடலை முழுக்கக் காய்ந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை.

"அந்த மிசினுல இன்னொரு வரிசை போட்டுத் தருவாகளாய்யா?"

"என்ன வரிசை?"

"எங்க மோட்டார முழுங்குனவுக வரிசை. ஆரு முதல்ல, ஆரு ரெண்டாவதுன்னு."

அவர் பீரோப் பக்கம் திரும்பவில்லை.

"அதுக்கு மிஷின் வேண்டாம் தாயி," என்றார். "முதல் பேரு முத்துராமலிங்கம்."