விநாடி மிச்சக்காரர்

காசை மிச்சம் பிடிப்பவர்களை உங்களுக்குத் தெரியும். விநாடியை மிச்சம் பிடிக்கும் இனம் ஒன்று உண்டு, அறிவீர்களா? தொழிற்சாலைக்கு ஒருவராவது நிச்சயம். கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கக்கத்தில் அட்டை, வாயில் ‘வேஸ்ட்’ என்ற ஒரே சொல்.

மின்விசிறி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருந்தவருக்கு ‘விநாடி சார்’ என்று பெயர். திருகு முடுக்கும் பெண்கள் கை நீட்டுவது, குனிவது, மூக்கைச் சொறிவது வரை குறித்துக்கொண்டு, திருகு டப்பாவை ஒரு சாண் கிட்டத்தில் நகர்த்தி, நாற்காலிகளையும் தூக்கிவிட்டு, நாற்பது விநாடி வேலையை முப்பதுக்குக் கொண்டுவந்தார். முதலாளி முதுகில் தட்டினார். பிறகு மனிதருக்குக் கால் தரையில் பாவுமா?

அடுத்தது சோதனை மேஜை. அங்கே இரண்டு பெண்கள், ஆளுக்கொரு விசிறியை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் சும்மாத்தானே உக்காந்திருக்கீங்க?”

“சத்தம் வருதான்னு கேக்குறோம் சார்,” என்றாள் மூத்தவள்.

“கேக்குறதுக்கு ஒரு ஆள் போதும்.”

“அப்ப பாதிதானே சார் வெளிய போகும்?”

“அதெல்லாம் கணக்குப் போட்டாச்சும்மா.”

இளையவளுக்கு வேலை போயிற்று. கைப்பையை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள்.

அரை நிமிடத்துக்கு ஒரு விசிறி வந்தது. ஒரு நிமிடத்துக்கு ஒன்றுதான் வெளியேறியது. மிச்சம் மேஜையடியில் சேர்ந்து, நடைவழியை அடைத்து, மாடிப்படி ஏறி, கழிவறை வாசலில் போய் நின்றது. லாரி பாதி காலியாகக் கிளம்பியது. நம்மவர் அசரவில்லை. குவியலுக்கு அலமாரி கேட்டார். அலமாரி வைக்க, சாப்பாட்டு அறையை இடிக்கச் சொன்னார்.

அவசரத்துக்குக் கழிவறைக்குப் போக முடியாத முதலாளி, விநாடி சாரையும் இழுத்துக்கொண்டு மூத்தவளிடம் வந்தார். “எங்கம்மா தேங்குது?”

“இங்கதான் சார். அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. வர்ற வரைக்கும் இவரு உக்காரட்டும்.”

உட்கார்ந்தார். மதியத்துக்குள் காதில் வண்டு குடைந்தது.

“இது கொஞ்சம் சீக்கிரம் சுத்தக் கூடாதா?”

“அதுக்கு உங்க வாட்ச் பாக்கத் தெரியாதே சார்.”

நான்காம் நாள் இளையவள், சம்பளத்தைக் கூட்டிப் பேசிக்கொண்டு திரும்பி வந்தாள். திருகுப் பெண்களுக்கு நாற்காலியும் வந்தது. விநாடி சார்? சாப்பாட்டு அறையில் யார் எத்தனை முறை மெல்லுகிறார்கள் என்று குறித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்றுச் சாலையில் சிவப்பு விளக்கு எரிவது தெரிந்தும், ஹாரனை அலறவிட்டு, நாலு வண்டியை முந்திப் போய் அதே விளக்கடியில் நின்றது நீங்களாக இருக்காது. உங்கள் வண்டியை வேறு யாரோ எடுத்துப்போயிருக்க வேண்டும்.