ஒன்றரை வோல்ட்டுக்கு ஊர்ப்பகை

திருப்பூரில் ஒன்றரை வோல்ட்டுக்காக ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர் ஒரே ஒருவர்தான். நானூற்று நாற்பதில் கை வைத்து வேலை செய்கிற லைன்மேன்கள்கூட அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். அவருடைய பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. சொட்டுநீர் என்று சொல்லிப் பாருங்கள், காங்கேயம் ரோட்டில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள்.

பொங்கலூர்ப் பக்கத்துக்காரர். தோப்பில் தென்னைக்குச் சொட்டுநீர் போட்டது போலத்தான் எலக்ட்ரானிக் சிப்புக்கும் கரண்ட் விட வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு மல்டிமீட்டர். மூலனூருக்குப் பெண் பார்க்கப் போனவர், பெண்ணைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்திருக்கிறார். "ஏனுங்க மாமா, ஊட்டுல வோல்டேஜ் டிராப் ஆகுதுங்களே" என்று ஸ்டூலைப் போட்டு மீட்டர் போர்டுக்கு ஏறிவிட்டார். காபித் தட்டோடு வந்த பெண் கீழே நின்று, "எத்தனை வோல்ட்டுங்க இருக்குது?" என்று கேட்டதாம். அந்தக் கேள்வியிலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது. மாமனாருக்கு மட்டும் மாப்பிள்ளை மேல் அன்றைக்குப் போன நம்பிக்கை திரும்பி வரவே இல்லை.

கரண்ட் கட் மணி அடித்த மாதிரி வந்துபோன வருஷங்கள் அவை. ஒற்றை ஷட்டர் பட்டறை ஒன்றில் நானும் அவரும் மட்டும். அவர் வரைவார், நான் சால்டர் வைப்பேன். பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால் அந்த இடத்தில் துணி நெடுக ஒரு கோடு விழும். கவனிக்காமல் விட்டால் ரோல் முழுக்க ரிஜெக்ட். ஊசி ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்து, ஒன்று உடைந்தால் உடனே மெஷினை நிறுத்துகிற ஒரு பெட்டி. அதுதான் அவருடைய கனவு. கேட்டுப் புரிந்துகொள்கிற வேலை ஒரு சிக்னல் பிராசஸர் சிப்புக்கு. தீப்பெட்டிப் படம் அளவு இருக்கும். அதை அவர் 'அது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, எப்போதும் 'அவரு'தான்.

"அவரு சாப்பாடு ரொம்பக் கம்மிங்க தம்பி. ஆனா சுத்தம் பார்ப்பாருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "அண்ணா, அரைப்பிடி கூடத் திங்காத சிப்புக்கு என்னங்கண்ணா இத்தனை யோசனை? கடைவீதியில தொங்கற மொபைல் சார்ஜர் ஒண்ணு மாட்டி உடுங்க" என்றேன்.

வாக்குவாதமே செய்யவில்லை. சார்ஜரை வாங்கிவந்து மாட்டினார், சிப்புக்குப் போகிற சத்தத்தை ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். மெஷின் சத்தத்துக்கு மேலே 'கொய்ங்' என்று ஒரு கொசு விடாமல் பாடியது.

"இது ஊசியா, சார்ஜரா? பாவம், அவரு எதையின்னு கேப்பாரு?"

அப்புறம்தான் விளங்கியது. சார்ஜர் கரண்டை வெட்டி வெட்டிக் கொடுக்கிற ஜாதி. சூடாகாது, சிக்கனம், ஆனால் இரைச்சல். இன்னொரு வகை லீனியர். கொஞ்சத்தைச் சூடாக்கி வீணடிக்கும், ஆனால் அமைதி. பெருந்தீனிக்காரனுக்கு லீனியர் கட்டுப்படியாகாது. நம்ம சிப்பு சாப்பிடுவதே ஒரு வாய் என்பதால் சூடு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே ஒரு டிரான்ஸ்பார்மர், இரண்டு லீனியர் ரெகுலேட்டர். சிப்பின் மூளைக்கு ஒன்றரை வோல்ட், கைகால்களுக்கு மூன்று சொச்சம். இதைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம். அதற்குள் மூன்று கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் ஷட்டரை இறக்கப் பழகிவிட்டார்கள்.

ஒரு நிட்டிங் முதலாளி இரக்கப்பட்டு ஒரு மெஷினில் மாட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை வரைக்கும் கெடு. மாமனாரும் அதே கெடுவைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்குள் பெட்டி ஓடாவிட்டால் பட்டறையைப் பூட்டிவிட்டு மூலனூரில் அவருடைய முருங்கைக்காய் மண்டிக்கு வந்து உட்கார வேண்டும். சொட்டுநீரும் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த மனிதரை மண்டியில் நினைத்துப் பாருங்கள், ஒவ்வொரு முருங்கைக்காய்க்கும் மீட்டர் வைப்பார்!

செவ்வாய்க்கிழமையே குட்டு உடைந்தது. பெட்டியில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருக்க, ஊசி உடைந்து ஒரு ரோல் முழுக்கக் கோடு.

"ஏனுங்க, உங்க பொட்டி முழிச்சுட்டே தூங்குதுங்களே" என்றார் முதலாளி. மரியாதை குறையாமல் திட்டுவதில் எங்கள் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

விசித்திரம் என்னவென்றால், பெட்டி ராத்திரி ஷிப்டில் மட்டும்தான் தூங்கியது. பகல் ஷிப்டில் ஜெபராஜ் மெஷின் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்த ஆபரேட்டர் அவர். அதே பெட்டி, அதே மெஷின், ஆள் மாறினால் மக்கர். "விட்டுடலாங்கண்ணா, ராசியில்லாத பொட்டி" என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. புதன்கிழமை காலை சொட்டுநீர் நூல் கோன் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு. சாப்பாட்டைக்கூட நான்தான் கொண்டுபோய் மடியில் வைத்தேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. ஜெபராஜ் சாவகாசமாக வந்து பெட்டியின் சுவிட்சை அணைத்தார். ஜெனரேட்டர் உறுமி, டியூப்லைட் நாலு முறை கண்ணடித்து, ஃபேன் ஒரு நிலைக்கு வந்தது. அதற்குப் பிறகு சுவிட்சைப் போட்டார். சொட்டுநீர் துள்ளி எழுந்தார்.

"ஏனுங்க, எதுக்கு ஆஃப் பண்ணுனீங்க?"

ஜெபராஜ் பயந்துபோனார். "தப்பா அண்ணாச்சி? கரண்டு வந்த உடனே சாமானுக்குக் குடுக்கப்பிடாதுல்லா. எங்க வீட்டு டிவிக்கும் அப்படித்தான் செய்வோம். இது பாவம், சின்னப் பெட்டி."

சொட்டுநீர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நானு ரெண்டு மாசமா பவர் சப்ளை தேடிட்டிருக்கறனுங்க. அது இங்க மெஷின் ஓட்டிட்டு நிக்குது!"

விஷயம் இதுதான். கரண்ட் மாறுகிற அந்த நொடியில் பெட்டிக்குள் மின்சாரம் முழுசாகவும் சாகவில்லை, முழுசாகவும் பிழைக்கவில்லை. அரைகுறையாக இறங்கித் திரும்ப ஏறியதில் சிப்புக்குப் புத்தி பேதலித்து அப்படியே நின்றுவிட்டது. விளக்கு நேராக சப்ளையில் இருந்ததால் அது பாட்டுக்கு எரிந்தது. ராத்திரி ஷிப்ட்காரர் சுவிட்சைத் தொடவில்லை, ஜெபராஜ் தொட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

வியாழக்கிழமை முழுக்க வேலை. வோல்டேஜ் சறுக்கினால் சிப்பைப் பிடித்து நிறுத்தி, எல்லாம் அடங்கியபின் முதலிலிருந்து எழுப்பிவிடுகிற மூன்றுகால் ரீசெட் ஐசி ஒன்றைச் சேர்த்தோம். ஒன்றரை வோல்ட் வந்த பிறகே மற்றது வருகிற மாதிரி வரிசை மாற்றினோம். பச்சை விளக்கை சப்ளையிலிருந்து பிடுங்கி சிப்பின் கையில் கொடுத்தார், இனி சிப்பு விழித்திருந்தால்தான் அது எரியும். வரைபடத்தில் ரீசெட் ஐசி பக்கத்தில் அதன் நம்பரை எழுதவில்லை. கொட்டை எழுத்தில் 'ஜெபராஜ்' என்று எழுதினார். "நம்பர் எழுதுங்கண்ணா, வேற யாராச்சும் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்றதற்கு, "கண்டுபுடிச்சவரு பேரை எழுதாம?" என்று என்னையே முறைத்தார்.

வெள்ளிக்கிழமை முதலாளி வந்து நின்றார். மாமனாரும் மூலனூரிலிருந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ஜெபராஜ் பழக்கதோஷத்தில் சுவிட்ச் பக்கம் போகாமல் இருக்கக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கரண்ட் போனது. ஜெனரேட்டர் வந்தது. அணைந்த பச்சை விளக்கு மட்டும் வரவில்லை.

"போச்சுங்களா?" என்றார் முதலாளி.

"இருங்க. அவரு எந்திரிக்கட்டும்."

சொட்டுநீர் அசையவில்லை. நான் மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. விளக்கு வந்தது. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவரே எல்லாரையும் கூப்பிட்டு, நிறுத்தச் சொல்லி, குறட்டால் ஓர் ஊசியின் கொக்கியை ஒடித்துவிட்டு, "இப்ப ஓட்டுங்க" என்றார். ஒரு சுற்றுகூட முழுசாக முடியவில்லை. மெஷின் டக்கென்று நின்றது.

முதலாளி துணியைத் தடவிப் பார்த்தார். "எல்லா மெஷினுக்கும் போட்டுருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். மாமனார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சரிங்க மாப்ள, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

ஜெபராஜ் கத்திய கத்தலில் பக்கத்து ஷெட் ஆள்கள் ஓடிவந்தார்கள். சொட்டுநீர் சிரிக்கக்கூட இல்லை. நேராக வெளியே போய் பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தார். என்ன மனிதர் இவர், கல்லா என்று எரிச்சலோடு பின்னாலேயே போனேன். டீ வந்தது. எடுத்தவர் கையில் நிற்கவில்லை. பாதி டீ வேட்டியில் கொட்டியது.

"பயந்துட்டேனுங்க தம்பி" என்றார். ஒரு வாரமாக என்னிடம் காட்டாமல் வைத்திருந்த பயம்.

நான் டம்ளரை வாங்கி, அவர் குடித்து முடிக்கும் வரை வாயருகே பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு ஒருத்தருக்கும் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.