சாலமோன் ராசாவும் என் கத்தரிக்கோலும்

எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியும். தையலில் என் படிப்பு அத்தோடு முடிந்தது. ஆனாலும் ஒரு பின்னேரம் மட்டும் திருகோணமலையின் தலைசிறந்த தையல்காரியாக இருந்திருக்கிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டிய வருடம். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த அப்பாவுக்கு, கப்பலேறப் போன ஒரு துரைசாணி பூவேலைத் துணியொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முன்னொரு காலத்தில் இங்கிலாந்துப் பெண்கள் வேதாகமக் கதைகளை வீட்டில் இருந்தபடி இப்படிப் பட்டுநூலில் தைப்பார்களாம். இது என்ன கதை என்று அப்பா கேட்கவில்லை. (துரைசாணிக்கு முன்னால் அவருக்கு 'யெஸ்' மட்டும்தான் வரும்.)

துணியில் ஒரு ராசா, வாளோடு ஒரு சேவகன், அவன் கையில் தலைகீழாக ஒரு குழந்தை, பக்கத்தில் இரண்டு பெண்கள். எல்லோருக்கும் வெள்ளைக்காரப் பிரபுக்களின் உடுப்பு. மூலையில் நாயளவில் ஒரு மயிர்க்கொட்டிப் புழு.

உப்புவெளியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, அம்மா அதை விறாந்தைச் சுவரில் மாட்டினார். பெண்ணின் கைவேலையைச் சுவரில் காட்டுவது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். என் கைவேலை என்று காட்ட வீட்டில் மூக்குத் துடைக்கும் லேஞ்சிகூட இல்லை. மாப்பிள்ளை மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கண்டவுடனேயே எனக்குப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.

"தைச்சது ஆர்?" மாப்பிள்ளையின் தாயார் கேட்டார்.

"நான்தான் மாமி."

"பிள்ளையை ஏன் தலைகீழாப் பிடிச்சிருக்கு?"

அம்மா முந்திக்கொண்டார். "இப்பதான் பிறந்தது. பிடிச்சிருக்கிறது மருத்துவிச்சி."

"மருத்துவிச்சிக்கு வாள் என்னத்துக்கு?"

"தொப்புள்கொடி வெட்ட," என்றேன் நான்.

மாப்பிள்ளை சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். (வெட்கம் என்று நினைத்தேன்.) பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்ரை தங்கச்சிக்கும் தையல் பழக ஆசை. இதிலை பாதியை வெட்டித் தருவீங்களோ?"

"ஓம், அதுக்கென்ன!" பாய்ந்துபோய்க் கத்தரிக்கோலோடு வந்தேன். "ராசாவோடை சேர்த்து வெட்டட்டோ?"

"ஐயோ, வெட்டாதேங்கோ!" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது சாலமோன் ராசாவின்ரை கதை. ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் 'என்ரை பிள்ளை' எண்டு சண்டை பிடிச்சினம். ராசா பாதியா வெட்டச் சொன்னார். வெட்டவேண்டாம் எண்டு கத்தினவதான் பெத்த தாய். தைச்சவவும் அப்பிடித்தான் கத்தியிருப்பா."

அப்பா முகட்டைப் பார்த்தார். இந்த மாப்பிள்ளை கைநழுவிவிட்டார் என்று நினைத்து, கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

மாமிதான் காப்பாற்றினார். "தையல் தெரியாட்டி என்ன? கேட்ட உடனை தாற கை. எனக்குப் பிடிச்சிருக்கு."

கல்யாணமாகி அடுத்த வருடம் மகள் பிறந்தாள். முதலில் யார் தூக்குவது என்று அம்மாவும் மாமியும் முறுகிக்கொள்ள, இவர் குசினிக்குள் போய் மீன் வெட்டும் கத்தியோடு வந்து நின்றார். "நீங்களே வைச்சிருங்கோ!" என்று இருவரும் ஒரே குரலில் பின்வாங்கினார்கள். பொழுதுபடும்வரை பிள்ளையைத் தூக்க ஆளில்லாமல் நானே சுமந்தேன்.

இன்றைக்கும் சட்டியில் கிடக்கும் கடைசி மீன்துண்டுக்கு நானும் மகளும் கை நீட்டினால், இவர் "கத்தி எங்கை?" என்பார். இருவரும் கையை எடுத்துவிடுவோம். துண்டு இவருடைய தட்டுக்குப் போய்விடும்.