எட்டாம் அத்தியாயத்தில் இருப்பது யார்?

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் முதலில் யாரைத் தேடுகிறீர்கள்? மாப்பிள்ளையையா, பெண்ணையா? சும்மா சொல்லாதீர்கள். பந்தியில் வாயில் பாதி வடையோடு மாட்டிக்கொண்ட உங்களைத்தான் தேடுகிறீர்கள். போகட்டும், ஆல்பம் என்றால் எல்லோரும் செய்வதுதான். ஆனால் கதைப் புத்தகத்தையும் இப்படியே புரட்டுகிற ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கதை எப்படி என்று கேட்டால் இவர்களுக்குத் தெரியாது. கதையில் ‘நான்’ எங்கே என்பதுதான் இவர்கள் கவலை. ராஜா வந்தால் அது இவர். ராஜாவின் யானை கொஞ்சம் நல்ல யானையாக இருந்துவிட்டால் அதுவும் இவரே.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண ஆசைப்படுகிறவர்கள் புக்கிட் பெருந்துங்குக்குப் போய் அப்பளசாமியைப் பார்க்கலாம். கோல சிலாங்கூர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் விலைபோனதும் இங்கே வந்து, ரவாங் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். தாமானில், அதாவது அந்தக் குடியிருப்பில், இருக்கும் ஒரே மண்டபமான பாலாய் ராயாவின் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டே குளிப்பாரோ என்று சந்தேகப்படும்படி எப்போதும் வைத்திருப்பவர். சாவி சத்தம் கேட்டால் அப்பளசாமி வருகிறார் என்று அர்த்தம்.

எதிர்வீட்டுத் துளசி ஒரு நாவல் எழுதிவிட்டாள். பள்ளியில் படிவம் ஐந்து படிக்கிற பெண். பாடப் புத்தகத்துக்கு அடியில் நோட்டை வைத்து ஒன்றரை வருடம் எழுதி, ‘மூன்றாம் ஷிப்டுத் தேவதூதர்கள்’ என்று பெயரும் வைத்து, அச்சுக்கும் கொடுத்துவிட்டாள். ஒரு பழைய தோட்டத்துக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் தேவதூதர்கள் வந்து இறங்குகிறார்கள். மனிதர் மாதிரியே திரிகிறார்கள். அவர்கள் முதுகிலிருக்கும் சிறகு ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. அவளுக்கு வயது பதினாறு. வாத்தியார் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிற புத்திசாலி. வகுப்பில் அவளோடு பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பாலாய் ராயாவில் வெளியீட்டு விழா. மரியாதைக்காகத் திங்கட்கிழமையே தலைவர் வீட்டில் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தாள். பாவம், சின்னப் பெண்.

அப்பளசாமி மூன்றாம் அத்தியாயம் வரைக்கும் போனார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே தலைமைத் தேவதூதர் வருகிறார். அகன்ற நெற்றி, கணீர்க் குரல், எந்தக் காரியத்தையும் முன்னின்று நடத்துபவர்.

“அன்னம்மா, இங்க வா. அகன்ற நெற்றின்னு போட்டிருக்கா பாரு.”

“உங்களுக்கு அது நெத்தியா? பின்னால வரைக்கும் போவுதே,” என்று மனைவி சமையலறையிலிருந்தே பதில் சொன்னாள்.

அப்பளசாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்தைப் படம் பிடித்தார். பழைய தோட்டத்து ஆட்கள் எல்லோரும் இருக்கும் கைப்பேசிப் புலனக் குழுவில் ஏற்றினார். கீழே ஒரு வரி: ‘எளியேனைத் தலைமைத் தேவதூதராகத் தங்கை மகள் போன்ற துளசி சித்திரித்திருக்கிறாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.’ எதிர்பார்க்காத மனிதர் பாராட்டை எதிர்பார்த்துப் போனைக் கையிலேயே வைத்திருந்தார்.

வந்தது பாராட்டு இல்லை. தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் காளியண்ணனின் குரல் பதிவு சுங்கை ஆயர் தாவாரிலிருந்து வந்தது. “டேய் அப்பளம், கணீர்க் குரல்னு போட்டிருக்கு, கண்ணு தெரியலயா? காலைப் பெரட்டுல ஆளுங்கள நிக்க வச்சு பேர் கூப்பிட்டா மூணு லயத்து வீட்டுக்கும் கேக்கும், அது யாரு? மண்டோரு நான்லா!” அடுத்து கெர்லிங்கிலிருந்து நல்லம்மாள்: “இரக்க குணம் உள்ளவர்னும் எழுதியிருக்கே. ஆம்பளைங்க ஏன் சண்ட போடுறீங்க, அது நானு.” சாயங்காலத்துக்குள் அந்தத் தோட்டத்துக்குத் தலைமைத் தேவதூதர்கள் பதினொரு பேர் ஆகிவிட்டார்கள். தோட்டம் இருந்த காலத்தில் இவ்வளவு பேர் வேலைக்கு வந்திருந்தால் கணக்கு எழுதும் கிராணி நிம்மதியாக இருந்திருப்பார்.

இதற்கிடையில் புத்தகம் அன்னம்மாள் கைக்குப் போய்விட்டது. வெங்காயம் உரித்துக்கொண்டே வாசித்தவள் எட்டாம் அத்தியாயத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெங்காயம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத சிரிப்பு.

“என்னாடி?”

“ஒண்ணுமில்லீங்க. இந்த ஆளு... இல்ல, ஒண்ணுமில்ல.”

அப்பளசாமி பிடுங்கிப் பார்த்தார். எட்டாம் அத்தியாயத்தில் ஒரு தேவதூதன் வருகிறான். தற்பெருமை பேசுகிறவன். ‘நான்’ என்று அவன் சொல்லும் ஒவ்வொரு முறையும் சிறகிலிருந்து ஓர் இறகு உதிர்கிறது. கோயில் கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கிறான். பேசி முடித்து இறங்கும்போது பசாரில் உரித்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி நிற்கிறான்.

அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. பக்கத்தைப் படம் பிடித்துக் குழுவில் ஏற்றினாரா? அதுதான் இல்லை. போனை அணைத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தார். மறுநாள் பாலாய் ராயா கதவில் ஒரு தாள் தொங்கியது: ‘தண்ணீர்க் குழாய் பழுது. மறு அறிவிப்பு வரை மண்டபம் மூடப்படும்.’

வெள்ளிக்கிழமை துளசி வந்தாள், பள்ளிச் சீருடையோடு. அழைப்பிதழ் போய்விட்டது. தலைமையாசிரியை வருவதாகச் சொல்லிவிட்டார். அப்பா ஷிப்டு மாற்றி விடுப்பு வாங்கிவிட்டார். இரண்டு நாளில் வேறு மண்டபத்துக்கு அவள் எங்கே போவாள்?

“அங்கிள், பைப் நல்லாத்தானே ஓடுது. இப்பதான் கை கழுவினேன்.”

“பைப்ப விடு. எட்டாவது அத்தியாயத்துல யார எழுதின?”

“யாரையும் இல்ல அங்கிள். இமேஜினேஷன்தான்.”

“மைக்கப் புடிச்சா விடமாட்டான்னு எழுதியிருக்க. இந்தத் தாமான்ல அது யாரு?”

“ஐயோ, நீங்க இல்ல அங்கிள். சத்தியமா.”

“சரி. அப்ப மூணாவதுல வர்றது?”

துளசி தயங்கினாள். பொய் சொல்லியிருக்கலாம். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், சாவி கைக்கு வந்திருக்கும். ஆனால் எழுத ஆரம்பித்த புதிதில் எல்லோருக்கும் இருக்கும் நேர்மை அவளுக்கும் இருந்தது.

“அதும் நீங்க இல்ல அங்கிள்.”

“பின்ன நான் எங்கதான் இருக்கேன்?”

“நீங்க... இல்ல. எங்கேயுமே இல்ல.”

அப்பளசாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “எரநூத்தி பன்னெண்டு பக்கம். உங்க வீட்டுப் பூன இருக்கு. மோட்டர்ல ஐஸ்கிரீம் விக்கிறவன் இருக்கான். பதினேழு வருஷமா எதிர்வீட்டுல இருக்கேன்மா. நீ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குக் காடி ஓட்டினவன் நான். ஒரு வரி கூடவா இல்ல?”

அவருக்கு உண்மையாகவே வலித்தது. கெட்டவனாக எழுதியிருந்தாலாவது சண்டை போடலாம். எழுதவே இல்லை என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

“சாரி அங்கிள். லாஞ்ச் மட்டும் நடக்கட்டும். ப்ளீஸ்லா,” என்றாள் துளசி. அழுதுவிட்டாள். அவர் எழுந்து உள்ளே போனார். அன்று அவர் சாப்பிடவில்லை. அன்னம்மாள் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை துளசி பயந்துகொண்டே போய்ப் பார்த்தபோது மண்டபம் திறந்திருந்தது. நாற்காலிகள் வரிசையாக, மைக் தயாராக. கதவில் தாள் இல்லை. அப்பளசாமி பட்டு ஜிப்பா போட்டு வாசலில் நின்று பழைய தோட்டத்து ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். விழா தொடங்கியது. தலைமையுரைக்கு எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

“அன்பர்களே! எட்டாம் அத்தியாயத்தில் சிறகு உதிர்ந்து நிற்கும் அந்தத் தேவதூதன் யார் என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள்.”

ஒருவரும் கேட்கவில்லை.

“அது வேறு யாருமில்லை. நான்தான்!”

கைதட்டல் கூரையைத் தொட்டது. இப்படி ஒரு பெருந்தன்மையா என்று தலைமையாசிரியை வியந்தார். அப்பளசாமி அந்த வியப்பைப் பார்த்துவிட்டு, சிறகு உதிர்ந்த வரலாற்றை நாற்பத்திரண்டு நிமிடம் விளக்கினார். காளியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டார். “அது எப்படிடா நீயி? தற்பெருமைன்னு எடுத்துக்கிட்டா தோட்டத்துலயே நான்தானே முதல் ஆளு!” நல்லம்மாளும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

துளசிக்குப் பேசக் கிடைத்தது இரண்டு நிமிடம். புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆளுக்கு ஒரு பிரதி வாங்கி, நின்ற இடத்திலேயே எட்டாம் அத்தியாயத்தைப் பிரித்தார்கள். சிறகைக் காண்கிற அந்தப் பதினாறு வயதுப் பெண் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே துளசி கடைசி ஆள் வரைக்கும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள்.

வாசகரே, இவ்வளவு நேரம் உங்கள் தாமான் தலைவரை நினைத்துத்தானே சிரித்தீர்கள்? அவரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார், உங்களை நினைத்து. நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களை நான் எழுதவில்லை. தலைவரிலும் இல்லை, மண்டோரிலும் இல்லை, வெங்காயம் உரித்த அம்மாவிலும் இல்லை. உங்களைப் பற்றி இதில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஏன் முகம் அப்படிப் போகிறது?