எக்செல் சொன்ன தீர்ப்பு

இதை எனக்கு முதலில் சொன்னது செங்காங் லீலா. தைப்பூசத்துக்கு மறுநாள், சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். சிரித்த சிரிப்பில் பாதிக் காய் தரையில்.

அவள் வீட்டுக்காரர் ஞானசேகரனுக்கு போனஸ் வந்திருந்தது. லீலாவுக்குப் பெரிய கிரைண்டர் வேண்டும். அவர்கள் அடுக்குமாடி புளோக்கில் இட்லி மாவு விற்கிறாள். அவருக்கோ ஷேர் வாங்க ஆசை. ஜூரோங்கில் வேலை முடிந்து வந்தவர், சட்டைகூட மாற்றாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"லீலா, இனிமே வாய்ச்சண்டை கிடையாது. எக்செல்தான் ஜட்ஜ்! எதுல வருஷ லாபம் சதவீதத்துல அதிகமோ, போனஸ் முழுசும் அதுக்கே. முருகன் மேல சத்தியம்!"

"சாமியை எதுக்குலா இழுக்குறீங்க?"

பேங்க் வைப்புத்தொகை, இரண்டு சதவீதம். அவருடைய ஷேர், ஒன்பது! மனுஷர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"பாத்தியா? ராக்கெட்டு!"

"அப்படியே நம்ம பழைய கிரைண்டரையும் போடுங்களேன்."

"கிரைண்டர் முதலீடா?" கைதட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போட்டார். வாங்கியது முந்நூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு. அரிசி, உளுந்து, கரண்ட் போக வருஷத்துக்கு நிற்பது அறுநூறு. தட்டினார்.

இருநூறு சதவீதம்!

சிரிப்பு நின்றது. கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி தட்டினார். இருநூறேதான். லீலா வாயில் முருகா முருகா.

"இரு இரு! உன் உழைப்புக்குக் கூலி கழிக்கலையே!"

கழித்தார். கிரைண்டர் தொபுக்கென்று நஷ்டத்தில் விழுந்தது. மனுஷர் ஹாலில் துள்ளினார்.

"நியாயந்தாங்க," என்றாள் லீலா. "நீங்களும் தினம் ரெண்டு மணி நேரம் போன்ல ஷேர் விலையை முறைச்சுப் பாக்குறீங்களே, அதுக்கும் கூலி கழிங்க. உங்க சம்பளம் என் கூலியைவிடப் பெருசாச்சே."

கழித்தார். ஷேர் பாதாளத்துக்கே போய்விட்டது. கட்டம் முழுக்கச் சிவப்பு!

"வேணாம்! வேணாம்! வீட்டு வேலைக்கு எவனாவது கூலி போடுவானா? அழிச்சிடுறேன்!"

"அழிச்சா ரெண்டு பேருதையும் அழிங்க."

அழித்தார். ஷேர் ஒன்பது. கிரைண்டர் இருநூறு. சத்தியம் செய்தவர் சுவரில் இருந்த முருகனைப் பார்த்தார். கம்ப்யூட்டரை மூடினார்.

பெரிய கிரைண்டர் வந்துவிட்டது. மாவு டப்பாக்களை மாடி மாடியாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஞானசேகரன். சம்பளமா? கூலிக் கணக்கை அழித்ததே அவர்தானே!

அவர் மாவோடு உங்கள் வீட்டுக்கு வந்தால், சிரிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்.